முத்துக் கரையில் மோட்டார்ப் பிரயாணம்

"தூத்துக்குடிக்குப் போகிறேன்" என்று நீங்கள் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். "எனக்கு இரண்டு நல்முத்து வாங்கி வாருங்கள்" என்பார் ஒருவர். "ஒரு கிலோ மக்ரூன்" என்பார் இன்னொருவர். மக்ரூன் கடைக்குக் கடை கிடைக்கும். முத்து விஷயந்தான் கொஞ்சம் சிரமம். மன்னார் வளைகுடாவில் நம் பக்கம் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். அதற்குப் பிறகு சிப்பி வளம் குன்றிவிட்டது. முத்துக்குளிப்புக் கொட்டகைகளும் எழவில்லை, ஏலமும் நடக்கவில்லை. சங்குக்காக மட்டும் இன்றும் கடலில் மூழ்குகிறார்கள்.

ஆகவே, நேயர்களே, முத்துக்குப் பதிலாக முத்துப் போன்ற சில யோசனைகளைச் சொல்லலாம் என்று உத்தேசம். தூத்துக்குடியிலும், அங்கிருந்து தெற்கே காயல்பட்டினம், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு என்று நீளுகிற கடற்கரையிலும் காரோட்டிச் செல்ல நினைப்பவர்களுக்கான யோசனைகள் இவை. "கார் ஓட்ட எனக்குத் தெரியாதா?" என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். கார் ஓட்ட உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கரையின் சாலையில் உங்களுக்கு முன்பே யார் யார் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டுமல்லவா? அதைத் தெரிந்துகொண்டால் பாதி விதிகள் தாமாகவே விளங்கிவிடும்.

எந்த வழி போவது?

தூத்துக்குடிக்கு மூன்று பெரிய சாலைகள் வருகின்றன. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக வருவது 38-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. திருநெல்வேலியிலிருந்து வல்லநாடு, வாகைக்குளம் வழியாக வருவது 138. சென்னையிலிருந்து கடற்கரையை ஒட்டியே ராமநாதபுரம், சாயல்குடி, வேம்பார் என்று வருவது 32.

மதுரைச் சாலையும் நெல்லைச் சாலையும் நடுவே திட்டு வைத்த நான்கு வழிச் சாலைகள். எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த ஊரைப் பார்க்க இறங்கலாம். முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் அங்கேதான். நெல்லைச் சாலையில் வல்லநாட்டுக் குன்றுப் பக்கம் வெளிமான்களுக்கென்று ஒரு சரணாலயம் இருக்கிறது. மானுக்குச் சாலை விதி தெரியாது. அந்தப் பகுதியில், முக்கியமாக மாலை மயங்கும் நேரத்தில், வேகத்தைக் குறைத்துக்கொள்வது மானுக்கும் நல்லது, உங்கள் காருக்கும் நல்லது. அதே வல்லநாட்டில் தாமிரபரணியின் மேல் உள்ள நான்கு வழிப் பாலத்தில் பலமுறை ஓட்டை விழுந்து, ஒரு பக்கத்தை அடைத்து, மறு பக்கத்திலேயே எதிரும் புதிருமாக வண்டிகளை விட்டிருக்கிறார்கள். "நான்கு வழிச் சாலைதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு பாய வேண்டாம்.

சுங்கச்சாவடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மதுரைச் சாலையில் புதூர் பாண்டியாபுரத்திலும், நெல்லைச் சாலையில் வாகைக்குளத்திலும் சாவடி உண்டு. கண்ணாடியில் 'ஃபாஸ்டாக்' ஒட்டி, அதில் பணமும் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாமல் போய்ச் சில்லறை நோட்டை நீட்டினால் இரட்டைக் கட்டணம்.

நான்கு வழிச் சாலைகளில் இன்னொரு விநோதம் உண்டு. நடுத்திட்டில் திரும்பும் இடம் வெகு தூரத்தில் இருக்கும். பக்கத்துக் கிராமத்துக்காரர் அவ்வளவு தூரம் சுற்றுவாரா? உங்கள் பக்கத்திலேயே, உங்களுக்கு எதிராகவே, மோட்டார் சைக்கிளில் நிதானமாக வருவார். அது தவறுதான். ஆனால் "தவறு அவருடையது" என்பது விபத்துக்குப் பிறகு பேச உதவுமே தவிர, விபத்தைத் தடுக்க உதவாது. இடது ஓரத்தைச் சற்றே விட்டு ஓட்டுங்கள்.

பெரிய அண்ணாச்சிகள்

தூத்துக்குடியில் புதிய துறைமுகம் 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் அதற்கு வ. உ. சிதம்பரனார் பெயர் வைத்தார்கள். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து வெள்ளையனோடு போட்டியிட்டவரின் பெயரைத் தாங்கும் துறைமுகம், 2024-25-ல் 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாண்டிருக்கிறது. இத்தனை சரக்கும் வானத்தில் பறந்து போவதில்லை. பெரும்பகுதி, உங்கள் காருக்கு முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும், லாரிகளிலும் கன்டெய்னர் டிரெய்லர்களிலும்தான் போகிறது. துறைமுகத்துக்குப் போகும் 138-ஆம் எண் சாலையில் 5.16 கிலோமீட்டரை ஆறு வழியாக அகலப்படுத்தி 2025 ஜூலை 26-ல் திறந்தார்கள். சாலை அகலமானதால் அண்ணாச்சிகள் மெலிந்துவிட்டார்கள் என்று பொருளல்ல.

நாற்பதடிப் பெட்டியைச் சுமந்து வருகிற டிரெய்லர் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் வலப்பக்கம் ஒதுங்கும். "ஆகா, வழி விடுகிறார்!" என்று இடது சந்தில் காரையோ ஸ்கூட்டரையோ நுழைத்தால் முடிந்தது கதை. அடுத்த கணம் அது இடப்பக்கம் மடங்கும். பின்சக்கரங்கள் உங்கள் மேல் வரும். அந்த இடத்தில் நீங்கள் இருப்பது டிரைவருக்குத் தெரியவே தெரியாது. எளிய அடையாளம் ஒன்று சொல்கிறேன். டிரெய்லரின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையானால், உங்கள் முகமும் அவருக்குத் தெரியவில்லை. பின்வாங்கி நில்லுங்கள்.

துறைமுகத்தில் முறை வருவதற்காகச் சாலையோரம் நிற்கிற லாரிகள் இன்னும் ஆபத்து. பின்விளக்கு எரிகிறதா, பட்டை மின்னுகிறதா என்பது அவரவர் புண்ணியம். இரவில் ஓரமாகக் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் அது மரம் என்று நினைக்காதீர்கள். லாரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள்ளே

ஊருக்குள் வந்துவிட்டால் வேறு கதை. கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் இங்கே 'மூன்றாவது மைல்' என்று சொன்னால்தான் இடம் புரியும். அதுபோலவே 'முதல் கேட்', 'இரண்டாம் கேட்' என்பவை ரயில்வே கேட்டுகள். தூத்துக்குடிக்கு ரயில் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பலேறிக் கொழும்புக்குப் போனார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வந்த பிறகுதான் அந்தக் கூட்டம் குறைந்தது. அந்த ரயில் பாதையின் இருபுறமும் ஊர் வளர்ந்துவிட்டது. கேட்டு மூடியிருக்கும்போது வரிசையில் நில்லுங்கள். முன்னால் இடமிருக்கிறதே என்று வலப்பக்கத்தில் போய் நின்றால், எதிர்ப்புறத்திலும் உங்களைப் போலவே ஒரு புத்திசாலி நின்றுகொண்டிருப்பார். கேட்டு திறந்ததும் இரண்டு புத்திசாலிகளும் முட்டிக்கொண்டு நிற்க, ஊரே காத்திருக்கும்.

ஆண்டுதோறும் ஜூலை 26-ல் பனிமய மாதா பேராலயத்தில் கொடியேறும். ஆகஸ்டு 5-ல் திருவிழா நிறைவு. அந்தப் பதினொரு நாளும் கடற்கரைப் பக்கத் தெருக்கள் மக்களுக்குச் சொந்தம். காரை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். 1713-ல் கட்டிய கோவிலை நிதானமாக நின்று பார்க்கவும், வழியில் பொரித்த பரோட்டா சாப்பிடவும் நடைதான் வசதி.

வழி கேட்க வேண்டுமானால் "அண்ணாச்சி!" என்று ஆரம்பியுங்கள். இந்தச் சீமையில் அந்த ஒரு வார்த்தைக்கு எல்லாக் கதவும் திறக்கும். "நேராப் போங்க, ஒரு குருசடி வரும், அதுல சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்று பதில் வரும். குருசடி என்பது சிலுவை நாட்டிய சிறு கோவில். சோற்றாங்கை வலது கை. "பக்கந்தான்" என்று சொன்னால் மட்டும் எவ்வளவு தூரம் என்று இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டில் நடக்கிறவர்கள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம், கந்தசஷ்டி ஆகிய நாட்களை ஒட்டி, எல்லாத் திசைகளிலிருந்தும் பச்சை உடுத்திய பக்தர்கள் திருச்செந்தூருக்கு நடக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து இரவில் நடக்கிறார்கள். கையில் வேல் இருக்கும், தோளில் பை இருக்கும், சிலர் தோளில் காவடி இருக்கும். பச்சைத் துணி பகலில் பார்க்க அழகு. இரவில் கறுப்புக்கும் பச்சைக்கும் பேதம் தெரியாது.

"ஓரமாக மண்ணில் இறங்கி நடக்கக் கூடாதா?" என்று காரில் இருப்பவர் கேட்கலாம். காலில் செருப்பில்லை, ஐயா! ஓரத்தில் கருவேல முள் சிதறிக் கிடக்கிறது. தார்ச்சாலைதான் காலுக்குச் சுகம். அதனால் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நடப்பார்கள். அலுத்தவர்கள் சாலையோரத்திலேயே உட்காருவார்கள். சில சமயம் படுத்தும் விடுவார்கள்.

இவர்களோடு இன்னொரு கூட்டமும் உண்டு. தூத்துக்குடி முதல் ஆறுமுகநேரி வரை சாலையின் பக்கங்களில் உப்பளங்கள். உப்பு விளைவிப்பதில் இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்த இடம் நம் தமிழ்நாட்டுக்கு. அதிலே பெரும்பங்கு தூத்துக்குடிச் சீமைக்கு. கண்ணைப் பறிக்கும் அந்த வெள்ளைப் பாத்திகளில் உச்சி வெயிலில் வேலை செய்ய முடியாது. ஆகையால் ஆணும் பெண்ணுமாக விடியுமுன்பே, இருட்டிலேயே, சைக்கிளிலும் நடையிலும் அளத்துக்குப் போகிறார்கள். மீனவர்களும் அதே வேளையில்தான் கரைக்குப் போகிறார்கள்.

இனி உங்கள் பிரயாணத்தைக் கணக்குப் பாருங்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 600 கிலோமீட்டர். "இரவோடு இரவாகப் போய்விட்டால் வெயிலும் இல்லை, நெரிசலும் இல்லை" என்று எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுகிறீர்கள். இந்தக் கரையை எட்டும்போது மணி நாலு, ஐந்து. குழந்தைகள் பின்னால் தூங்குகிறார்கள். பக்கத்தில் இருப்பவரும் தூங்கிவிட்டார். உங்கள் கண்ணும் செருகுகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் யாத்ரீகரும், உப்பளத்துக்காரரும், மீனவரும் சாலையில் இருக்கிறார்கள். நீங்கள் மிகக் குறைவாகப் பார்க்கிற நேரமும், அவர்கள் மிக அதிகமாக இருக்கிற நேரமும் ஒன்றே!

ஆகவே முதல் விதி இதுதான்: இந்தக் கரைக்குப் பகலில் வந்து சேருங்கள். நடுவே மதுரையிலோ திருச்சியிலோ ஒரு ராத்திரி தங்குங்கள். முடியாதென்றால், விடிகிற வரையில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திக் கண்ணயர்ந்துவிட்டு வாருங்கள். டீ குடித்தால் தூக்கம் போய்விடும் என்பது டீக்கடைக்காரருக்கு மட்டுமே இலாபமான நம்பிக்கை.

இரவில் ஓட்டியே தீர வேண்டுமானால், எதிரே வண்டி வரும்போது விளக்கைத் தாழ்த்துங்கள். அந்த வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும் சில விநாடிகளில் சாலையின் இடது ஓரம் உங்களுக்குத் தெரியாது. அங்கேதான் யாத்ரீகர் நடக்கிறார். கண் கூசினால் காலை பிரேக்குக்குக் கொண்டுபோங்கள். நீங்களே யாத்ரீகராக நடப்பதானால், வாகனங்களுக்கு எதிர்முகமாகச் சாலையின் வலப்பக்கம் நடங்கள். பையில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சின்னப் பட்டையின் விலை ஒரு தேங்காய் விலைகூட இராது.

வேஷக்காரர்கள்

நவராத்திரி சமயத்தில் குலசேகரன்பட்டினம் பக்கம் போனால் இன்னொரு வேடிக்கை. முத்தாரம்மன் கோவில் தசரா தமிழ்நாட்டிலேயே பேர் போனது. நேர்ந்துகொண்டவர்கள் காளியாக, ராஜாவாக, குரங்காக, கரடியாக வேஷம் போட்டு, மேளதாளத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிப் போவார்கள். சாலை வளைவில் திடீரென்று பத்துக் கைக் காளி எதிர்ப்பட்டால் பதற வேண்டாம். மெதுவாக நிறுத்தி வழிவிடுங்கள். போலீஸ்காரர் வேஷம் போடுகிறவர்களும் உண்டு. கை காட்டுகிறவர் அசலா வேஷமா என்று ஆராய்ச்சி செய்யாமல், யார் கை காட்டினாலும் நிறுத்திவிடுவது உத்தமம். இதே குலசேகரன்பட்டினத்தில்தான் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். மேலே ராக்கெட் எவ்வளவு வேகத்தில் போனாலும், கீழே சாலையில் தசரா வேகந்தான்.

காற்றும் வெள்ளமும்

ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக அடிக்கும். திருச்செந்தூருக்குத் தெற்கே தேரிக்காடுகளில் செம்மணல் மேட்டை இடம் பெயர்க்கிற காற்று அது. ஸ்கூட்டரில் போகிறவர்கள் இரு கையாலும் பிடித்து மெல்லப் போகவேண்டும். சாலையில் மணல் படிந்திருந்தால் அங்கே பிரேக்கை அழுத்த வேண்டாம். முன்னாடியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலம். மழை குறைந்த சீமைதானே என்று அலட்சியம் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-ல் என்ன நடந்தது தெரியுமல்லவா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! ஓர் ஆண்டில் பெய்கிற மழையைவிட அதிகம் அது. சாலைகள் அறுந்தன, ஊர்கள் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. ரயிலே போக முடியாத இடத்தில் கார் போகுமா? ஓடுகிற வெள்ளம் ஓரடி இருந்தால் சிறிய காரை நகர்த்திவிடும்; இரண்டடி இருந்தால் பெரும்பாலான கார்களைத் தூக்கிக்கொண்டே போய்விடும். தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா என்பதே நிச்சயமில்லை. சாலைமேல் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். முன்னால் ஒரு லாரி போய்விட்டது என்பது நீங்களும் போகலாம் என்பதற்கு அத்தாட்சியல்ல.

சட்டம் சொல்வது

சட்டப் பேச்சைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் புதிய அபராதங்கள் அமலில் உள்ளன. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும். சீட் பெல்ட் இல்லாவிட்டால் 1,000. போனைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டு ஓட்டினால் முதல் தடவை 1,000. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "தம்பி நன்றாக ஓட்டுவான்" என்று பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கிற அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

பின் சீட்டுக்கும் பெல்ட் அவசியம். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் நடந்த விபத்தில், டாட்டா குழுமத்தின் தலைவராக இருந்த சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் இருந்தபடியே உயிரிழந்தார். அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீசார் சொன்னார்கள். கார் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், கட்டாத பெல்ட் காப்பாற்றாது.

வெளிநாட்டிலிருந்து சொந்த ஊர் பார்க்க வருகிறவர்கள் தங்கள் நாட்டு லைசென்ஸோடு இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் எடுத்து வரவேண்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு இடப்பக்கம் பழக்கம். கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, வளைகுடா நாடுகளிலிருந்து வருகிறவர்கள் வலப்பக்கம் பழகியவர்கள். பழக்கம் பொல்லாதது. நேர்ச்சாலையில் அது காட்டிக்கொடுக்காது. பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்து காலிச் சாலையில் திரும்பும்போதுதான் காட்டிக்கொடுக்கும். பக்கத்திலிருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "இடது, இடது" என்று சொல்லட்டும். கார் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுவதானால், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் எண் எழுதிய வண்டியாகப் பாருங்கள். அதுதான் சட்டப்படி வாடகைக்கு விடுகிற வண்டி.

அடிபட்டவரைக் கண்டால்

2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் உயிரிழந்தார்கள். சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால் "நமக்கேன் வம்பு? போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும்" என்று தாண்டிப் போனது பழைய காலம். இன்றைய சட்டப்படி, நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்கு இல்லை. பெயர், விலாசம் சொல்ல விருப்பமில்லாவிட்டால் வற்புறுத்தக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலையானால் 1033-ம் உண்டு. 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த ஊராரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் பெறலாம்.

முத்துக் குளித்த காலத்தில், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் மூச்சுத் திணறிக் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். கயிறு பிடித்தவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் கீழே ஓர் உயிர் போயிற்று. கடலுக்குள் போனவருக்கு அவரைத் தவிர வேறு காப்பு இல்லை.

முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கரையின் இருட்டுச் சாலையில், செருப்பில்லாமல் நடக்கிற ஒருவருக்கும் விளக்கில்லாத சைக்கிளில் போகிற ஓர் அம்மாளுக்கும் நீங்கள்தான் கயிறு பிடித்தவர். விழித்திருங்கள். பகலில் போங்கள், மெதுவாகப் போங்கள். மணப்பாட்டுக் குன்றின் மேல் சிலுவைக் கோவிலருகே நின்று கடலைப் பாருங்கள். உடன்குடிக் கருப்பட்டி வாங்குங்கள். மக்ரூனை மறக்க வேண்டாம். முத்து கேட்டவர்களிடம், போனவர்கள் எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வந்தோம் என்று சொல்லுங்கள். அதைவிட நல்முத்து எந்தக் கடலில் கிடைக்கும்?